என் படியை எனக்கு அளந்து

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகள் நிறைந்த தட்டொன்றை வாசலில் நீட்டுவார்கள். ஆளுக்கொரு அட்டை. கண்ணை மூடி ஜெபித்து எடுப்பவர்களும் உண்டு; எடுத்ததைப் படித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் திரும்ப வைத்து வேறொன்றை எடுப்பவர்களும் உண்டு. தட்டில் எத்தனை வசனங்கள் இருந்தாலும், பலரும் மனதுக்குள் எதிர்பார்ப்பது பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தைத்தான்: “என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்.” கோத்தகிரிப் பக்கத்தில், ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஒரு சபையில், இந்த வசனத்துக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த அட்டையில் முந்தின வசனங்கள் அச்சிடப்படுவதில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதியது காவலில் இருந்தபோது. பிலிப்பி சபையார் தங்கள் காணிக்கையை எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்தனுப்ப, அவர் வந்த இடத்தில் மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டு, பிழைத்து, அதே கடிதத்தோடு ஊர் திரும்புகிறார். அதாவது இந்த வாக்குத்தத்தம் பிறந்தது ஒரு நன்றிக் கடிதத்தில். கொடுத்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. கொடுத்தவர்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். பிலிப்பி இருந்த மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள் என்று கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலே சொல்லுகிறார். தேவன் பவுலின் குறைவை நிறைவாக்கிய வழி பிலிப்பியரின் கை. பிலிப்பியரின் குறைவை அவர் நிறைவாக்குவார் என்னும் உறுதியும் அதே கடிதத்தில் இருக்கிறது. நெருக்கடிக் காலத்தில் தேவன் பராமரிப்பார் என்று நாம் நம்புவதில், வழியில் நிற்கிற இந்தக் கைகளை மறந்துவிட்டு, நேராக வானத்திலிருந்து இறங்கும் ஒன்றை மட்டும் எதிர்பார்க்கிறோமோ என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு.

தேயிலைக் கணக்கை அறியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பெரிய எஸ்டேட் வைத்திருப்போர் வேறு. சிறு நிலத்தில் செடி வைத்து, சொந்தமாகத் தொழிற்சாலை இல்லாமல், பறித்த இலையை அன்றைக்கே மூட்டை கட்டி ஏஜெண்டிடமோ கூட்டுறவுத் தொழிற்சாலையிலோ கொடுக்கிறவர்கள் வேறு. நீலகிரியில் இந்த இரண்டாம் வகையினர் பல்லாயிரம் குடும்பங்கள். பறித்த கொழுந்து மறுநாள்வரை தாங்காது. ஆகவே விலை பிடிக்கவில்லை என்று வீட்டில் வைத்திருக்க முடியாது. அந்த இலைக்கு என்ன விலை என்பதும் பறிக்கும்போது தெரியாது. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் போகிற விலையை வைத்து, பச்சைத் தேயிலைக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கில் நிர்ணயிப்பார்கள்; பணம் கைக்கு வருவது அதற்கும் பிறகு. மழை நன்றாகப் பெய்து இலை பெருகும் மாதத்தில் விலை இறங்கும், இவ்வளவுக்குமேல் எடுக்கமாட்டோம் என்று தொழிற்சாலைகளும் சொல்லும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிட்டால், விலை ஏறினாலும் கொடுக்க இலை இராது. இப்படிப்பட்ட வருமானத்தை வைத்துக்கொண்டு, “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று ஜெபிப்பது என்றால், அந்த இன்றைக்கும் மாத முடிவில் வரும் பணத்துக்கும் நடுவே மளிகைக்கடைப் பற்று நோட்டு ஒன்று இருக்கும்.

1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்தபோது நான் பள்ளி மாணவி. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபின் அந்தப் பக்கத்து ஏற்றுமதி முன்போல் நிலைக்கவில்லை என்று பெரியவர்கள் காரணம் சொன்னார்கள். எங்கோ ஒரு நாடு கலைந்ததற்கும் எங்கள் வீட்டில் சாயங்காலம் பலகாரம் நின்றதற்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு விளங்கவில்லை. விலை பாதிக்கும் கீழே போனது. பறிக்கும் கூலிக்கும் உரத்துக்கும்கூடக் கட்டுப்படியாகாமல், சிலர் தோட்டத்தைக் கவாத்து செய்யாமலே விட்டுவிட்டார்கள். செடி ஆள் உயரம் வளர்ந்து மரமாகிவிட்டது. என் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். அவனோடு எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் பலர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். சொந்தத் தோட்டம் இருக்கிறது என்ற பெருமையை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மா பக்கத்து எஸ்டேட்டில் நாள்கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போனார். அப்பா நீண்ட ஜெபம் செய்கிறவர் அல்லர். குடும்ப ஜெபத்தில் பெரும்பாலும் நீதிமொழிகளில் ஆகூரின் விண்ணப்பத்தையே சொல்லுவார்: “தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக. என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.” ஐசுவரியம் வேண்டாம் என்று ஜெபிக்கிற நிலைமையிலா நாம் இருக்கிறோம் என்று அம்மா ஒருமுறை சிரித்தது நினைவிருக்கிறது. அப்பா அதற்காக ஜெபத்தை மாற்றவில்லை.

அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு நற்செய்திக் கூட்டத்தில், வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தை வஞ்சித்தவர்கள் வீட்டில்தான் குறைவு உண்டாகும் என்று ஒரு பிரசங்கியார் முழங்கினார். மல்கியா மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, வானத்தின் பலகணிகள் திறவாததற்குக் காரணம் கூடியிருந்தவர்களின் சட்டைப்பையில் இருக்கிறது என்றார். கூடியிருந்தவர்களோ, அந்த மாதம் இலைக் கணக்கில் முன்பணம் பிடித்ததுபோக மிச்சம் என்ன என்று தெரியாமல் இருந்தவர்கள். குன்னூர் ஏலத்தில் விலை விழுந்ததை விசுவாசக் குறைவு என்று ஏழைகளின் தலையில் கட்டுவது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத ஒன்று. மல்கியாவில் தசமபாகம் கேட்கப்படுவதே, “என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி” என்றுதான். அந்த ஆகாரம் யாருக்கு என்று உபாகமம் 14-ஆம் அதிகாரம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறது: மூன்றாம் வருஷத்தில் வரும் தசமபாகத்தை ஊர் வாசல்களில் வைக்கவேண்டும்; லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும். அந்தப் பிரசங்கியார் கணக்கில் நாங்கள் கொடுக்கவேண்டியவர்களாக மட்டும் இருந்தோம். அந்த வாசலுக்கு வந்து புசிக்கவேண்டியவர்களாகவும் நாங்கள் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரமாகிய மன்னாவைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அதிலே அற்புதத்தைவிட அளவுகளைப் பற்றிய பேச்சே அதிகம். தலைக்கு ஒரு ஓமர் என்னும் அளவு. கூடாரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கு. காலையில் போய்ச் சேர்க்கவேண்டும். வெயில் ஏறினால் உருகிப்போகும். மறுநாளுக்கென்று வைத்தது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து, ஓய்வுநாளுக்கென்று வைத்தது கெடவில்லை. அளந்து பார்த்தபோது, மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. இந்த வசனத்தைப் பவுல் எங்கே எடுத்துக்காட்டுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்க்கும்போது, உங்களிடத்தில் இப்போது மிஞ்சியிருப்பது அவர்கள் குறைவுக்கு உதவட்டும், பிறகு அவர்களிடத்தில் மிஞ்சுவது உங்கள் குறைவுக்கு உதவும், அதனால் சமநிலை உண்டாகும் என்று கொரிந்தியருக்கு எழுதி, அதற்கு ஆதாரமாக மன்னாவின் வசனத்தை வைக்கிறார். வனாந்தரத்தில் தேவன் நேரடியாகச் சமன்செய்ததைச் சபைக்குள் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய வேலையாக அவர் மாற்றிவிடுகிறார்.

மன்னா நின்றுபோன நாளையும் வேதம் குறித்து வைத்திருக்கிறது. கானான் தேசத்துத் தானியத்தைப் புசித்த மறுநாளில் அது ஒழிந்தது என்று யோசுவா ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. நாற்பது வருஷம் காலைதோறும் வந்த ஒன்று, ஒரு நாள் காலையில் இல்லை. 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியாகிய எலியாவுக்கும் அப்படியே. கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்ததை ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து காட்டுகிறோம். ஆனால், தேசத்தில் மழை பெய்யாதபடியால் சில நாளுக்குப்பின்பு அந்த ஆறு வற்றிப்போயிற்று என்னும் வசனத்துக்குப் படம் வரைவதில்லை. தேவன் காட்டிய இடத்தில் தேவன் சொன்னபடி தங்கியிருந்தவருடைய ஆறும் வற்றியது. அடுத்த உத்தரவு வந்தபோது அது இன்னும் வினோதமாக இருந்தது: சீதோனுக்கடுத்த சாறிபாத்துக்குப் போ, உன்னைப் பராமரிக்கும்படி அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டேன். போய்ப் பார்த்தால், அந்த விதவை தன்னிடமிருந்த ஒரு பிடி மாவைச் சுட்டுத் தானும் தன் மகனும் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போவதற்காக இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பானையின் மா தீர்ந்துபோகவில்லை, கலசத்தின் எண்ணெய் குறையவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பானை நிறைந்து வழிந்தது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் எடுத்துப் பார்த்தபோது அடியில் ஒரு பிடி இருந்திருக்கும், அவ்வளவே. எங்கள் வீட்டில் அம்மா அரிசி டின்னைச் சாய்த்து, கை விட்டு வழித்தெடுக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால் எனக்கு இந்த அதிகாரம் அப்படித்தான் வாசிக்கக் கிடைக்கிறது.

இதே அதிகாரத்தில் எலியா செய்த இன்னொரு காரியமும் உண்டு. அவர் கேட்கிறார். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்கிறார். அவள் போகும்போதே, ஒரு துண்டு அப்பமும் வேண்டும் என்கிறார். இதைச் சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய பிரசங்கங்களில், பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் முல்லரும் டோனாவூரின் ஏமி கார்மைக்கேலும் மனிதரிடத்தில் பணம் கேளாமல், தேவனிடத்தில் மட்டும் கேட்டு, திரளான பிள்ளைகளை வளர்த்தார்கள் என்பது எடுத்துக்காட்டாக அடிக்கடி வரும். இருவரும் மதிக்கத்தக்கவர்கள். முல்லர் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கியபோது, தேவன் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதை விசுவாசத்தில் தளர்ந்தவர்கள் கண்ணாரக் காணவேண்டும் என்பதையே முதல் நோக்கமாகச் சொன்னார். கேளாமை என்பது ஒரு பொதுச் சாட்சிக்காக அவர்கள் தாங்களே மேற்கொண்ட விரதம். அதோடு, வந்த ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு வைத்து அறிக்கை வெளியிட்டவர் முல்லர். அந்தப் பாதியைச் சொல்லுவோர் குறைவு. அந்த விரதத்தைக் கொண்டுவந்து, மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு தாயின் மேல் விதியாகச் சுமத்தி, உன் தேவையை யாரிடமும் வாய் திறக்காதே, அதுவே விசுவாசம் என்று சொல்லுவது நியாயமல்ல. சமாரியா ஸ்திரீயிடத்தில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவரை ஆண்டவர் என்று அழைக்கிறவர்கள் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பராமரிப்பு என்பதற்கு, எதுவும் பறிபோகாது என்று பொருள் கொள்ளுவதும் இன்னொரு சிக்கல். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்து, நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சாலைகளும் மலை இரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அதற்குப் பிந்தின ஞாயிறுகளில் எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொன்னவர்கள் பலர். மேட்டு வீட்டின் பின்சுவர்வரை மண் வந்து நின்றது, கர்த்தர் எங்களைக் காத்தார் என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்கு அது உண்மை. நன்றி சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் அதே பெஞ்சில், உறவை மண்ணுக்குள் இழந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததைப்பற்றிப் பேசும்போது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசுவே கேட்டிருக்கிறார். எங்கள் ஆயர் அந்த நாட்களில் சாட்சி நேரத்தைச் சுருக்கிவிட்டு, ஆபகூக்கின் கடைசி அதிகாரத்தை முழுவதுமாக வாசித்தார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்று அந்தத் தீர்க்கதரிசி சொல்லுகிறார். அடுத்த வருஷம் அத்தி துளிர்க்கும் என்று அவர் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. தேயிலைக்காரர்கள் நிறைந்த சபையில் அந்தப் பட்டியலை வாசிக்கக் கேட்பது எளிதல்ல.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் வழக்கம் கைப்பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுவருவது. தமிழ்ச் சபைகளில் இது பழைய காரியம். அறுப்பின் பண்டிகைக்குக் கேரட்டும், முட்டைக்கோசும், மேரக்காயும், உருளைக்கிழங்கும் குவிந்து, ஏலத்தில் ஒரே மேரக்காய் எட்டு முறை கைமாறிக் காசு சேர்க்கும் கோலாகலம் இதில் இல்லை. பல வீட்டு அரிசி கலந்து வருவதால், சோறாக வடித்தால் பாதி குழையும், பாதி வேகாது. தோசைக்கு ஊறப்போடத்தான் சரி. ஆனாலும் அதை வாங்கிச் செல்லும் வீடுகள் இருந்தன.

2020-இல் ஊரடங்கு வந்தபோது, மலைக்கு வர இ-பாஸ் கேட்டார்கள். ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. ஏப்ரல், மே சீசனை நம்பியிருந்த வாடகைக் கார் ஓட்டுநர்களும், விடுதிகளில் அறை சுத்தம் செய்தவர்களும், சாக்லேட்டும் வர்க்கியும் விற்ற கடைகளில் நின்றவர்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள். நாங்கள் சபையில் பட்டியல் எடுத்து, கைப்பிடி அரிசியைப் பைகளில் கட்டிக்கொண்டு போனோம். முதல் வீட்டிலேயே அந்தத் தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அரிசி ரேஷன்ல சும்மாவே குடுத்துட்டாங்க அக்கா. அவருக்குச் சுகர் மாத்திரைதான் தீர்ந்துபோச்சு.” அடுத்த வீட்டில் கேஸ் சிலிண்டர். இன்னொரு வீட்டில், பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்புக்குப் போன் இல்லை. வேறொரு வீட்டில் எல்லாம் இருந்தது. வீட்டுக்காரர் வாடகையைப் பொறுத்துக்கொள்ளுவாரா என்பதே கவலை, அந்த வீட்டுக்காரரோ எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர். அவரிடம் பேசுவதற்கு அரிசி தேவைப்படவில்லை, கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. அவர் இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். அதைச் சாட்சியாக அவரும் சொல்லவில்லை, குடியிருந்தவர்களும் சொல்லவில்லை.

“நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டு, சரீரத்திற்கு வேண்டியவைகளைக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிறார். சமவெளியில் குளிர்காய்தல் வெறும் சொல்லாகப் போய்விடலாம். டிசம்பர் மாதத்தில் இங்கே விறகு விலை என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஊரடங்குக்குப் பிறகு எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சிறு மாற்றம். முன்பெல்லாம், “என் குடும்பத்தின் பொருளாதாரத் தேவைகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் சொன்னால், அதே வார்த்தைகளில் ஜெபித்துவிட்டு ஆமென் சொல்லுவோம். இப்போது, ஜெபிக்கும்முன், என்ன தேவை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கேட்கிறோம். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்துவதில்லை. சொல்லுகிறவர்களுக்கும் எல்லா நேரத்திலும் எங்களால் உதவ முடிவதில்லை; கேட்டது பதினைந்தாயிரமாக இருந்து, சேர்ந்தது நான்காயிரமாக இருந்ததும் உண்டு, மீதியை அவர்கள் நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். குழுவில் இருக்கும் மூத்த அம்மா ஒருவருக்கு இந்த முறை இன்னும் பிடிக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் ரூபாய் கணக்குப் பேசினால் ஆவிக்குரிய சூழ்நிலை கெட்டுவிடும் என்கிறார். கணக்கு முடியும்வரை வேதாகமத்தை மூடிவைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஆனால் சேகரிக்கும் உறை தம் பக்கம் வரும்போது, அதில் அதிகமாகப் போடுகிறவரும் பெரும்பாலும் அவரே.